பதினாறு முறை சிவந்த கார்

கார் கிளம்ப மறுத்தால் மெக்கானிக்கைத் தேடுவது ஒரு காலம். நிதானி வந்த பிறகு ஜனங்கள் முதலில் குலதெய்வம் கோயிலுக்குப் போனார்கள். அங்கே சரியாகாவிட்டால் மன ஆலோசகரிடம். அங்கேயும் சரியாகாவிட்டால் மாமியார் காலில் விழுந்தார்கள். எல்லாம் முடிந்து, இனிப் போக்கிடமே இல்லை என்று ஆனவர்கள்தான் உடுமலைப்பேட்டையில் பல்லடம் ரோட்டின் மேல் இருந்த சுகந்தியின் பட்டறைக்கு வந்தார்கள்.

நிதானி என்பது ஸ்டியரிங் வளையத்துக்குள் பதித்த ஓர் உணரி. ஓட்டுகிறவர் இரண்டு உள்ளங்கையையும் வளையத்தில் வைத்தால் நாடி, வியர்வை, நடுக்கம் மூன்றையும் மூன்று நொடியில் படித்துவிடும். மனம் அமைதியாக இருந்தால் டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும், வண்டி கிளம்பும். கோபம் இருந்தால் சிவப்பு. அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான் என்பதற்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு நாடு சூடேறிப் போனதால், எட்டு வருஷத்துக்கு முன்னால் சட்டம் போட்டு எல்லாக் காரிலும் வைத்தார்கள். விபத்து பாதியாகக் குறைந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அதோடு நிற்கவில்லை. பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் ஆறு மாத நிதானிப் பதிவையும் கேட்டு வாங்கினார்கள். மேடையில் மைக் உடையும்படி கர்ஜித்த ஒரு தலைவர், வீட்டுக்குப் போக வண்டி கிளம்பாததால், கார்க் கதவைப் பிடித்தபடி நாலு மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்தார்; அதைப் பார்க்க வந்த கூட்டம் அவருடைய கூட்டத்தைவிடப் பெரிது. வெள்ளகோயிலில் ஒருத்திக்கு, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் சிவப்பு எரிந்தது. தனக்குப் புருஷனைப் பிடிக்கவில்லை என்பதை அப்படித்தான் அவள் தெரிந்துகொண்டாள். மெல்ல மெல்ல, மனிதர்கள் தங்கள் மனசைத் தாங்களே கேட்டுப் பார்க்கிற வழக்கத்தையே விட்டார்கள். அதற்குத்தான் கார் இருந்ததே.

சுகந்திக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. ஐம்பத்துநாலு வயதில் முப்பது வருஷம் பட்டறையிலேயே போயிருந்தது. வயரில் ஓடுவது கரண்ட்தான், ஞானம் இல்லை என்பது அவள் கட்சி.

அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, ஒரு டிராக்டர் கயிறு கட்டி ஒரு வெள்ளைக் காரை இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்டது. டிராக்டருக்கு நிதானி கிடையாது. கோபமில்லாத விவசாயி வேண்டுமென்றால் தேசத்தில் ஒரு ஏக்கர்கூட உழ முடியாது என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது. டிராக்டர்காரர் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உடனே திரும்பிவிட்டார்.

காரிலிருந்து இறங்கியவன் பூபதி. நாற்பத்துமூன்று வயது, கணக்கம்பாளையத்தில் தென்னந்தோப்பும் நாலு மாடும் வைத்திருப்பவன். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை. முகம் மட்டும் கசங்கியிருந்தது. காரின் பின்பக்கம் ஒரு கடையையே தூக்கி வைத்தது போல இருந்தது: ஆளை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம் போன்ற பித்தளை அண்டா, இரண்டு வாழைத்தார், அரிசி மூட்டை, ஏழு தாம்பாளம், அவற்றின் மேல் சின்னதாக ஒரு பட்டுப்பாவாடை.

"தாய்மாமன் சீருங்களா" என்று சுகந்தி கேட்டாள்.

"ஆமாங்க்கா. பத்தரைக்கு முகூர்த்தம். தாராபுரத்துக்கு இந்தப் பக்கம், தங்கச்சி ஊட்டுக்காரர் குலதெய்வம் கோயில்ல காதுகுத்து" என்றான் பூபதி. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்குள்தான் குழந்தைக்குப் போடவேண்டிய தங்கக் கம்மல் இருந்தது.

மீதியை அவன் நின்றபடியே சொன்னான், பாவ மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி. அப்பா அம்மா போன பிறகு தங்கை வெண்ணிலாவுக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்குப் போன இடத்தில் அவனை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள். அதுகூடப் போகட்டும், அவன் இலைக்கு வரும்போது பாயசம் தீர்ந்துவிட்டது. இவன் ஒரு வார்த்தை சொன்னான். மாப்பிள்ளை சிவகுரு இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பத்து நாளில் இவனுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தான். ஆடி நோன்புக்குச் சீர் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், ஸ்டியரிங்கில் கை வைத்ததும் சிவப்பு.

"சரி, மனசுல இன்னும் இருக்குதாட்ட இருக்குன்னு எறங்கிட்டனுங்க. தீபாவளிக்குப் பாத்தேன், செவப்பு. பொங்கலுக்கும் செவப்பு. டவுனுக்குப் போனாப் பச்சை, சந்தைக்குப் போனாப் பச்சை. தங்கச்சி ஊட்டுக்குன்னு கெளம்புனாப் போதும்."

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று சுகந்தி கேட்டாள்.

"மனசுல கறுப்ப வெச்சுக்கிட்டுச் சீர் கொண்டு போகக் கூடாதுங்க்கா. பச்சப் புள்ள இருக்கிற ஊடு. எம்பட கோவம் அதும் மேல பட்டுட்டா?"

அவன் தங்கையிடம் இதைச் சொன்னதே இல்லை. கார் சிவக்கிறது என்று சொன்னால், உன் புருஷன் மேல் எனக்கு இன்னும் வஞ்சம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். தோப்பில் வேலை, மாடு கன்று போட்டுவிட்டது என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பான். அவன் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அந்த நாலு மாடும் ஆறு வருஷத்தில் எழுபது கன்று போட்டிருக்க வேண்டும். ஏற்றிய சீரை இறக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவான். பொங்கல் வந்தால் அவன் கார் சிவக்க வேண்டும் என்று தெருவே வேண்டிக்கொள்ளும் நிலைமைக்கு வந்திருந்தது.

காது குத்துவதை ஒற்றைப்படை வயதில்தான் வைப்பார்கள். ஒரு வயதில் வைத்தார்கள், மாமன் வரவில்லை என்று நிறுத்தினார்கள். மூன்று வயதிலும் அப்படியே. இப்போது அஞ்சு. சிவகுருவின் வீட்டார் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார்கள்: மாமன் வந்தால் அவன் மடி, வராவிட்டால் ஒன்றுவிட்ட மாமன் ஒருத்தன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுவது, அதோடு அந்த உறவுக்கு ஒரு முழுக்கு. காலை ஏழு மணிக்குச் சீரை ஏற்றி, சாமி கும்பிட்டு, பூபதி கை வைத்தான். சிவப்பு.

"அப்பறம் எம்பட சம்சாரம் உக்காந்தாளுங்க. அவளுக்கும் செவப்பு" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு திகில் இருந்தது. அவன் மனைவி கோபப்பட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பாம்பு கடித்தபோது பாம்புக்கு வலித்திருக்குமா என்று கேட்டவள் என்று பேர். இது மனசு இல்லை, வயரு, சுகந்தியக்காவிடம் காட்டிவிட்டு வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டு அவள், காரில் சீருக்கு மட்டும்தான் இடம் என்று முன்பே பேசிவைத்தபடி, குழந்தைகளோடு கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"கெட்டிக்காரி" என்றாள் சுகந்தி. மல்டிமீட்டரை எடுத்தாள்.

பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்டியரிங் உறையைக் கழற்றி நிதானியின் இணைப்பில் முனையை வைத்தாள். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்டப் பூஜ்யம். பூபதி எட்டிப் பார்த்து, அப்படியென்றால் நிதானி கெட்டுவிட்டதா என்று கேட்டான்.

"அது பட்டினி கெடக்குது தம்பி. உங்க தெருவுல ஒரே குழாய்ல நாலு ஊட்டுக்குத் தண்ணி வருதுன்னு வைங்க. எந்த ஊட்டுலயோ குழாய் ஒடஞ்சு தண்ணி மண்ணுல போகுது. அப்ப நாலு ஊட்டுக்கும் தண்ணி இருக்காது. நாம முதல் ஊட்டு வாசல்ல நின்னு, அந்தம்மா ஏன் சமைக்கலன்னு திட்டிக்கிட்டு இருக்கோம்."

ஒவ்வொரு வீடாகக் குழாயை அடைத்துப் பார்க்க வேண்டியதுதான் வழி. நிதானியைக் கழற்றினாள், பூஜ்யம் மாறவில்லை. ஆக்சிலரேட்டர் உணரியைக் கழற்றினாள். மாறவில்லை. ஏசி அழுத்த உணரி என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு எலிகூட நுழைய முடியாத சந்தில் இருந்தது. அதற்குள் கையை விட்டு, கையை மட்டுமல்ல, பாதி உடம்பையும் விட்டு, அதைத் தயாரித்தவனின் பரம்பரை முழுவதையும் திட்டி, கழற்றினாள். மாறவில்லை. ஒன்பது மணி அடித்தது. பூபதி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் அவள் ஸ்கேனரைச் செருகி, காரின் நினைவில் இருந்த பழைய கோளாறுகளைத் திறந்தாள். ஓட்டுகிறவருக்குக் கார் சிவப்பை மட்டும்தான் காட்டும். கோபம் என்றாலும் சிவப்பு, சந்தேகம் என்றாலும் சிவப்பு, உள்ளே கரண்டே இல்லை என்றாலும் சிவப்பு. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருந்தார்கள். என்ன காரணம் என்பது உள்ளே எழுதியிருக்கும். ஆனால் சிவப்பு எரிந்த காரை யார் மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார்கள், எழுதியதைப் படிக்க? அது வெட்கக்கேடு. கதவைச் சாத்திக்கொண்டு மறைக்கிற விஷயம்.

திரையில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. உணரிகளின் மின்வழங்கலில் குறுக்குச்சுற்று. பதினாறு முறை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு தேதி.

"ஜனவரி பதினஞ்சு" என்று வாசித்தாள்.

"மாட்டுப் பொங்கலுங்க" என்றான் பூபதி.

"ஆகஸ்ட் மூணு."

"ஆடிப் பதினெட்டு."

தீபாவளிகள் வந்தன. நின்றுபோன இரண்டு காதுகுத்துகள் வந்தன. எல்லாவற்றையும் அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். பிறகு அவள், செப்டம்பர் பத்து, காலை ஆறேகால் என்று படித்தாள். பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ள பொறந்த அன்னைக்குங்க" என்றான்.

அன்றைக்கு என்ன ஏற்றினான் என்று கேட்டாள். தொட்டில் என்றான். தேக்குத் தொட்டில், மாமன் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், எட்டாம் மாசமே ஆசாரியிடம் சொல்லிச் செய்துவைத்தது. இப்போது அதில் சின்ன வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதைச் சிரித்துக்கொண்டு சொல்லத்தான் பார்த்தான். வரவில்லை.

சுகந்திக்கு மனசுக்குள் ஏதோ ஒன்று திருகி உட்கார்ந்தது.

"மத்த நாள்ல பின்னாடி என்ன ஏத்துவீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பால் கேனுகூட டிக்கியிலதான்."

அவள் காரின் இடதுபக்கக் கதவைத் திறந்தாள். முன் இருக்கை டேஷ்போர்டில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. அண்டா உள்ளே நுழைய வேண்டுமென்று, அதைத் தள்ளுகிற வரைக்கும் முன்னால் தள்ளியிருந்தான். தொட்டிலுக்கும் அப்படித்தான் தள்ளியிருப்பான். கரும்புக் கட்டுக்கும் அப்படித்தான். இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கிற உணரியும் அந்த நாலு வீட்டில் ஒன்று.

சீர் முழுவதையும் இரண்டு பேருமாக இறக்கிப் பட்டறைத் தரையில் வைத்தார்கள். ஆயில் டப்பாக்களுக்கு நடுவில் பட்டுப்பாவாடை மினுமினுத்தது. சுகந்தி இருக்கையைப் பின்னால் தள்ளி, தரையில் கன்னத்தை வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இருக்கை நகர்கிற இரும்புத் தடத்தின் முன்கோடியில் ஒரு வயர் மாட்டி நசுங்கியிருந்தது. சிவப்பு உறை தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. இத்தனை நாளும், இருக்கை முன்கோடிக்கு வரும்போது மட்டும் செம்பு இரும்பைத் தொடும். கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். சீரை இறக்கி, இருக்கையைப் பின்னால் இழுத்தால் விலகிவிடும், பச்சை எரியும். இன்றைக்கு உறை மொத்தமாகக் கிழிந்து ஒட்டிக்கொண்டது.

பூபதி பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தான். வெள்ளை வேட்டி என்பதையே மறந்துவிட்டான்.

"அப்ப நான் கோவமா இல்லீங்களா?"

"அது எனக்குத் தெரியாது. அதுக்கும் தெரியாது" என்று சுகந்தி காரைக் காட்டினாள். "பதினாறு தடவையும் அது உங்க கையப் பாக்கவே இல்ல தம்பி. கரண்டு இல்லாத கண்ணு என்னத்தப் பாக்கும்?"

அவன் தன் பாட்டுக்கு ஒன்றைச் சொன்னான். மூன்றாம் வருஷத்தில் ஒரு நாள், தனக்குக் கோபமே இல்லையே, ஏன் சிவக்கிறது என்று யோசித்தானாம். அப்புறம், கார் பொய் சொல்லாது, நாம்தான் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம் என்று முடிவு செய்து, உட்கார்ந்து கோபத்தைத் தேட ஆரம்பித்தானாம். தேடினால் கிடைக்காமலா போகும்? அந்தப் பாயசத்தை ஆயிரம் தடவை நினைத்தான். சிவகுரு சொன்ன இரண்டு வார்த்தை இருநூறாக ஆனது. ஆலோசகர் ஒருத்தர் அதை எழுதிவைத்து வாசிக்கச் சொன்னார். தினமும் காலையில் வாசித்தான். கோபம் வந்ததா, வரவழைத்தானா என்று இப்போது அவனுக்கே தெரியவில்லை.

சுகந்தி வயரில் நசுங்கிய இடத்தை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டுச் சூடு காட்டி, இனி தடத்தின் பக்கமே வராதபடி வயரை ஓரமாக இழுத்துக் கட்டினாள். கழற்றியதையெல்லாம் மாட்டினாள். மல்டிமீட்டரில் ஐந்து வோல்ட் வந்து குத்துக்கல்லாக நின்றது. இருக்கையை முன்னும் பின்னும் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சீரைத் திரும்ப ஏற்றினார்கள். மணி ஒன்பதரை.

பூபதி ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தான். கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுபோனவன் பாதி வழியில் நிறுத்தினான். தங்கை வீட்டுக்கென்று இதுவரை பதினாறு தடவை கை வைத்திருக்கிறான். ஆனால் இன்றுதான் முதல் தடவையாக அது நிஜமாகப் பார்க்கப் போகிறது. சுகந்தி ஜன்னலோரம் நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தேர்வு முடிவு பார்க்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது அவளுக்கு.

கை வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று நொடி.

சிவப்பு.

சுகந்தி பாய்ந்து மல்டிமீட்டரை வைத்தாள். ஐந்து வோல்ட். ஸ்கேனரைப் பார்த்தாள். கோளாறு எதுவும் இல்லை. வயர் சுத்தம். இது நிஜமான சிவப்பு. நாடி நூற்றிருபது, உள்ளங்கை ஈரம், நடுக்கம் உண்டு. இதற்கு மேல் அவளிடம் கழற்ற எதுவும் இல்லை. ஆறு வருஷம் போனதற்காக வந்த ஆத்திரமோ, அழுகையோ, குழந்தையைப் பார்க்கப் போகிற பரபரப்போ, எதுவென்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே நிறம்.

அவன் என்ன செய்வானோ என்று பயந்தபடி அவள் திரும்பினாள். பூபதி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தான்.

"ஆறு வருசமா அது சொல்லாதத நம்புனேனுங்க்கா. இப்ப நெசமாலுமே சொல்லுது. நம்ப முடியல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "எனக்குக் கோவமில்ல. எனக்கே தெரியுது."

"அப்படின்னா எறங்குங்க. அந்தப் பக்கம் போங்க" என்றாள் சுகந்தி.

இருக்கை முன்னால் தள்ளியிருந்ததால் அவனுக்குக் கால் வைக்க இடமில்லை. பின்னால் அரிசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில், அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சுகந்தி பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தாள். உடனே பச்சை. மூன்று நொடிகூட ஆகவில்லை. எப்படிங்க்கா என்று அவன் வியந்தான்.

முப்பது வருஷம் கிரீஸும் டீசலும் ஆசிடும் தின்ற உள்ளங்கை, அதற்குள் நாடி இருப்பதே நிதானிக்குத் தெரியாது, ஏதோ குகையில் தவம் இருக்கிற ரிஷி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பச்சை காட்டிவிடும் என்று அவள் விளக்கினாள். அந்த ரிஷி தாராபுரம் ரோட்டில் குறுக்கே வந்த இரண்டு வேன்காரர்களையும் ஒரு சோளத்தட்டு லாரியையும் வழிநெடுகப் பேசிய பேச்சில் ரோட்டோரப் புளியமரங்கள் இலை உதிர்த்தன. விளக்கு கடைசிவரை பச்சையாகவே எரிந்தது.

கோயில் வாசலில் வண்டி நின்றபோது மணி பத்து இருபது. பந்தலுக்குள் மேளம் கேட்டது. ஒன்றுவிட்ட மாமன் ஏற்கெனவே மணையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். முன்பே பஸ்ஸில் வந்துவிட்ட பூபதியின் மனைவி, அவர் வந்துவிடுவார் என்று சொன்னதை யாரும் நம்பியிருக்கவில்லை. வாசலில் நின்ற சிவகுருதான் முதலில் பார்த்தார். நெற்றியில் விபூதி, தலையில் நிறைய நரை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நரை இல்லை. அவர் அசையாமல் நின்றார். அவருக்குப் பின்னால் வெண்ணிலா வந்து, புருஷனின் தோளைத் தாண்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் இடுப்பில் இருந்த பெண், தலைமுழுக்கச் சந்தனத்தோடு, அம்மா ஏன் அழுகிறாள் என்று பார்த்துவிட்டு, காரைப் பார்த்தது.

பூபதி வாழைத்தாருக்கு அடியிலிருந்து பிதுங்கி இறங்கினான். வேட்டியில் டயர்க் கறை வட்டமாக இருந்தது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் அவனிடம் இல்லை என்பது சுகந்திக்குத் தெரிந்தது. அவள் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத்தன நாளா ஏன் மச்சான் வரல?" என்றார் சிவகுரு. சண்டைக்குக் கேட்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பூபதி வேட்டியிலிருந்த டயர்க் கறையைத் தட்டிவிட்டான்.

"காரு ரிப்பேருங்க மாப்ள."

"ஆறு வருசமாவா?"

"ஆமாங்க."

சிவகுரு காரைப் பார்த்தார். பின்பக்கம் பிதுங்கி நின்ற அண்டாவையும் அதற்கு மேல் சரிந்திருந்த தாம்பாளங்களையும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து, அண்டாவின் ஒரு பக்க வளையத்தைப் பிடித்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து கூட்டிக்கிட்டு வந்திருப்பனே" என்றார். "பிடிங்க அந்தப் பக்கம்."